மூன்று காசுத் தண்ணீர்: மலேசியா–சிங்கப்பூர் உறவில் மூட்டை கட்டிய பேரங்கள்

கேள்வி

ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீர் எடுத்துக்கொள்ளும் உரிமை சிங்கப்பூருக்கு இருக்கிறது. விலை, ஆயிரம் கேலனுக்கு மலேசிய நாணயத்தில் மூன்று காசு. முழு அளவும் எடுத்தால் ஒரு நாளைக்கு 7,500 ரிங்கிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 27 லட்சம் ரிங்கிட். இந்த உரிமையைத் தந்த 1962 உடன்படிக்கையின்படியே, சிங்கப்பூர் சுத்திகரித்த நீரை ஆயிரம் கேலன் 50 காசு என்ற விலையில் ஜொகூர் திரும்ப வாங்குகிறது. அண்மை ஆண்டுகளில் அது வழக்கமாக வாங்குவது நாளுக்கு 1.6 கோடி கேலன். அதற்கு 8,000 ரிங்கிட். ஆறு யாருடையதோ அவரே இந்தக் கொடுக்கல் வாங்கலில் நாளுக்கு 500 ரிங்கிட் கூடுதலாகக் கொடுக்கிறார்.

ஒருவருக்கொருவர் முதல் மூன்று வணிகக் கூட்டாளிகளுக்குள் இருக்கும் இரு நாடுகளுக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல. ஆனாலும் 1962இல் எழுதப்பட்ட மூன்று காசு இன்றும் மாறவில்லை. சிங்கப்பூர் நான்கு பிரதமர்களையும் மலேசியா ஒன்பது பிரதமர்களையும் கண்டுவிட்டன. நாணயம் மாறியது, எல்லை மாறியது, விலை மட்டும் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இதற்குச் சொல்லப்படும் இரண்டு விடைகளும் போதுமானவை அல்ல என்பதும், பேசப்பட்ட பொருளைவிடப் பேசிய முறையில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது என்பதும் என் வாதம்.

குழாயின் முன்கதை

ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் 1924 ஜூனில் முறைப்படி திறக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் அந்தக் கற்கரையின் மீது சாலையும் தண்டவாளமும் போயின. பின்னர் தண்ணீர்க் குழாயும் சேர்ந்தது. 1927இல் சிங்கப்பூர் நகராட்சி ஆணையர்களும் ஜொகூர் சுல்தான் இப்ராகிமும் செய்துகொண்ட உடன்படிக்கை, குனோங் பூலாய் மலைப்பகுதியின் நீரைத் தீவுக்குக் கொண்டுவந்தது.

1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, ஜப்பானியரைத் தடுக்கக் கடற்பாலத்தைத் தகர்த்தது. குழாயும் அதோடு போயிற்று. பதினைந்து நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. தீவின் நீர்த்தேக்கங்கள் எதிரி கைக்குப் போனதும், குண்டுவீச்சில் நகரின் குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணானதும் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் பெர்சிவல் சரணடைய எடுத்த முடிவுக்கு முக்கியக் காரணங்கள். சிங்கப்பூரை ஆளவந்த தலைமுறை இந்த நாட்களை நேரில் கண்ட தலைமுறை. பின்னாளைய பேச்சுவார்த்தைகளில் அவர்கள் காட்டிய விறைப்பைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்றைய சர்ச்சைக்கு வேர் 1961, 1962 ஆண்டுகளின் இரண்டு உடன்படிக்கைகள். முதலாவது தெப்ராவ், ஸ்கூடாய் ஆறுகளைப் பற்றியது, ஐம்பது ஆண்டுக்கானது. இரண்டாவது ஜொகூர் ஆற்றைப் பற்றியது. தொண்ணூற்றொன்பது ஆண்டுக்கானது, 2061இல் முடிவது. கையெழுத்திட்டபோது சிங்கப்பூர் தனிநாடும் அல்ல, மலேசியா பிறக்கவும் இல்லை. ஓர் அரசு இன்னோர் அரசுக்கு விற்பது போலல்லாமல், ஒரு மாநிலம் பக்கத்து நகரத்துக்குக் கொடுப்பது போன்ற மொழியில் அவை எழுதப்பட்டன. அணை, நீரேற்று நிலையம், குழாய், சுத்திகரிப்பு ஆலை எல்லாவற்றின் செலவும் சிங்கப்பூருடையது. நிலத்துக்கு வாடகையும் அதுவே தரவேண்டும். ஜொகூர் தரவேண்டியது ஆற்றுநீர் மட்டும்.

1965 ஆகஸ்ட்டில் பிரிவினை நிகழ்ந்தபோது பிரிவினை உடன்படிக்கையிலேயே இவ்விரண்டுக்கும் மலேசிய மத்திய அரசின் உத்தரவாதம் சேர்க்கப்பட்டது. அந்த ஆவணம் ஐக்கிய நாடுகள் சபையிலும் பதிவானது. அதே நாட்களில், சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை மலேசியாவுக்குப் பாதகமாக அமைந்தால் ஜொகூர் தண்ணீரை நிறுத்துவதாக நெருக்கலாம் என்று மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பிரிட்டிஷ் தூதர் ஆண்டனி ஹெட்டிடம் சொன்னார் என்பதை அன்றைய சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். உத்தரவாதமும் மிரட்டலும் ஒரே மாதத்தில் பிறந்தன.

இரு தரப்பு விளக்கங்கள்

மலேசியத் தரப்பின் வாதம் எளிது, ஆகவே வலிமையானது. அறுபது ஆண்டுக்கு முந்தைய விலையில் ஒரு பணக்கார நாடு ஏழை அண்டை மாநிலத்தின் நீரை எடுக்கிறது. சீனாவிடம் ஹாங்காங் வாங்கும் நீருக்கு ஆயிரம் கேலனுக்கு 8 ரிங்கிட் கொடுக்கிறது என்ற ஒப்பீட்டைக் கோலாலம்பூர் 2003இல் நாளிதழ் விளம்பரங்கள் வரை கொண்டுபோனது. சிங்கப்பூரின் வீட்டுக் கட்டணத்தைச் சுட்டுவோரும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் அங்கே ஒரு கன மீட்டருக்கு 3.24 வெள்ளி, ஆயிரம் கேலனாகக் கணக்கிட்டால் 14 வெள்ளிக்கு மேல். கொள்முதல் விலையோ ஒரு சிங்கப்பூர்க் காசுக்கும் குறைவு.

இந்த ஒப்பீடுகளில் ஓட்டை இருக்கிறது. ஹாங்காங்குக்கு நீரைக் கொண்டுவரும் கட்டுமானத்தைச் சீனத் தரப்பே கட்டிப் பராமரிக்கிறது. ஜொகூரில் அந்தச் செலவு சிங்கப்பூருடையது. சிங்கப்பூரின் வீட்டுக் கட்டணத்திலும் சுத்திகரிப்பு, குழாய் வலை, கழிவுநீர், வரி எல்லாம் அடக்கம். ஆற்றுநீரின் விலையைக் குழாய்நீரின் விலையோடு ஒப்பிடுவது நெல் விலையைச் சோற்று விலையோடு ஒப்பிடுவதுதான்.

சிங்கப்பூரின் வாதம் சட்டம் சார்ந்தது. விலையை மறுபரிசீலனை செய்யும் உரிமை 25 ஆண்டு கழித்து, அதாவது 1986, 1987இல் இருந்தது. மலேசியா அதைப் பயன்படுத்தவில்லை. ஆகவே உரிமை காலாவதியாகிவிட்டது. தவிர, ஆயிரம் கேலனைச் சுத்திகரிக்கத் தனக்கு 2.40 ரிங்கிட் ஆகிறது, 50 காசுக்குக் கொடுப்பது மானியமே என்கிறது. 2003இல் வெளியுறவு அமைச்சர் எஸ். ஜெயக்குமார் நாடாளுமன்றத்தில் வைத்த கணக்கு இன்னும் கூர்மையானது. ஜொகூர் அப்போது நாளுக்கு 3.7 கோடி கேலன் சுத்த நீரை 50 காசுக்கு வாங்கித் தன் மக்களுக்கு 3.95 ரிங்கிட்டுக்கு விற்று, ஆண்டுக்கு 4.6 கோடி ரிங்கிட் ஈட்டியது. மூன்று காசில் சிங்கப்பூர் தந்த தொகையைப் போல் இது பல மடங்கு.

இடையே ஒரு செய்தி. இந்தத் தகராறில் சிங்கப்பூரின் குரலாக ஒலித்தவர்களில் தமிழ் வழிவந்தோர் கணிசம். முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவின் சிரம்பானில் வளர்ந்தவர். அவருக்குப் பின் ஜெயக்குமார், கா. சண்முகம், விவியன் பாலகிருஷ்ணன். இதை வைத்துப் பெருமை பேச எதுவுமில்லை. அவர்கள் பேசியது தங்கள் நாட்டின் பேரத்தை. தமிழ் வாசகர் இந்த வரலாற்றை வேற்றார் கதையாக வாசிக்க வேண்டியதில்லை என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

சிங்கப்பூரின் வாதத்திலும் இடைவெளி உண்டு. ‘25 ஆண்டு கழித்து’ என்பது ‘25ஆம் ஆண்டில் மட்டும்’ என்று பொருள்படுமா, ‘25 ஆண்டுக்குப் பிறகு எப்போதும்’ என்றும் படிக்கலாமா? மலேசியா இரண்டாவதாகப் படிக்கிறது. உடன்படிக்கையிலேயே இதற்கு வழி இருக்கிறது: கருத்து வேறுபட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். விலையை எந்த அடிப்படையில் திருத்துவது என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. பணத்தின் வாங்கும் திறன், கூலி, மின்சாரம், பொருட்செலவு ஆகியவற்றின் ஏற்ற இறக்கம். ஹாங்காங் விலை அந்தப் பட்டியலில் இல்லை. இவ்வளவு தெளிவான வழி இருந்தும் இரு தரப்பும் நடுவரிடம் போகவில்லை. இதுதான் இரு விளக்கங்களும் விளக்காத இடம்.

1987: கேட்காத ஆண்டு

மலேசியா அன்று ஏன் கேட்கவில்லை? மறதி என்று நம்ப முடியாது. ஆற்றுநீர் விலையை உயர்த்தினால் சுத்த நீரின் விலையும் உயரும், வாங்குவது ஜொகூர், ஆகவே பயனில்லை என்று கருதியதாக மலேசியத் தலைமையே பின்னர் விளக்கம் கொடுத்தது. இது உண்மையான கணக்கு. அன்றைய ஜொகூருக்குப் போதிய சுத்திகரிப்பு ஆலைகள் இல்லை. சிங்கப்பூர் கட்டிய ஆலைகளை நம்பியே ஜொகூர் பாரு வளர்ந்துகொண்டிருந்தது.

ஆனால் அந்த ஆண்டுகளில் வேறொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. வறட்சிக் காலத்தில் ஜொகூர் ஆறு 25 கோடி கேலன் தராது என்பது தெரிந்ததும் மேலே ஓர் அணை தேவைப்பட்டது. 1988 ஜூனில் மலேசியப் பிரதமர் மகாதீரும் லீ குவான் யூவும் புரிந்துணர்வுக் குறிப்பில் கையெழுத்திட்டார்கள். 1990இல் சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும் ஜொகூருக்கும் லிங்கியு அணை உடன்படிக்கை ஏற்பட்டது. நிலத்தை இழப்பதற்கு ஈடாக 32 கோடி ரிங்கிட், அதற்கு மேல் ஹெக்டேருக்கு 18,000 ரிங்கிட் முன்பணம், ஆண்டு வாடகை; அணைச் செலவும் சிங்கப்பூருடையது.

ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று காசு விலையில் 32 கோடி ரிங்கிட் சேர நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். அதை ஒரே அணைக்காக, ஒரே உடன்படிக்கையில், இதே இரு தலைவர்கள் பேசி முடித்தார்கள். புதிய பொருளுக்குப் புதிய விலை தர சிங்கப்பூர் தயங்கவில்லை. பழைய விலையைத் தொடாமலே ஜொகூர் பெரும் பணம் பெற்றது. பேசப்பட்டது ஒரே ஒரு பொருள் என்பதால் பேச்சு முடிவுக்கு வந்தது என்றே கருதுகிறேன்.

மூட்டையான பேரம், 1998–2003

1998இல் நிலைமை தலைகீழானது. ஆசிய நிதி நெருக்கடியில் மலேசியா சிங்கப்பூரிடம் நிதி உதவி பற்றிப் பேசியது; பதிலுக்கு 2061க்குப் பிந்தைய தண்ணீரைப் பற்றிச் சிங்கப்பூர் பேச விரும்பியது. உதவி பின்னர் தேவைப்படாமல் போயிற்று. பேச்சு மட்டும் நிற்கவில்லை. அதோடு இரு நாட்டுக்கும் இடையே தீராமல் கிடந்த எல்லாம் சேர்க்கப்பட்டன. தஞ்சோங் பகார் வரை நீண்ட மலாயா ரயில்வே நிலம், குடிநுழைவுச் சாவடியை இடம் மாற்றுவது, தீபகற்ப மலேசியத் தொழிலாளர் சிங்கப்பூரின் மத்திய சேம நிதியில் போட்ட பணத்தை எடுப்பது, அந்த ஆண்டு செப்டம்பரில் மலேசியா மூடிய வான்வெளி, கடற்பாலத்துக்குப் பதிலாகப் புதுப் பாலம், தண்ணீர்.

ஒன்றில் விட்டுக்கொடுத்து இன்னொன்றில் பெறலாம் என்பது மூட்டை பேரத்தின் தர்க்கம். நடந்தது வேறு. தண்ணீர் விலை மட்டும் எண்களாக ஏறியது. சிங்கப்பூர் 45 காசு என்றது. மலேசியா 60 காசு என்றது, பிறகு 3 ரிங்கிட், அதற்கும் பிறகு 6.25 ரிங்கிட். ஒவ்வோர் எண்ணும் வேறு ஏதோ ஒரு சலுகையோடு பிணைந்திருந்தது. ஆகவே எது தண்ணீரின் விலை, எது வான்வெளியின் விலை, எது பாலத்தின் விலை என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

2002 அக்டோபரில் மலேசியா மூட்டையை அவிழ்த்து, இனித் தண்ணீர் மட்டும் பேசலாம் என்றது. என் வாதத்துக்கு இது எதிரான சான்றாகத் தோன்றலாம்: தனியாகப் பேசியும் தீரவில்லையே. ஆனால் சிங்கப்பூரின் மறுமொழியைக் கவனிக்க வேண்டும். 45 காசு என்பது மூட்டையின் பகுதியாகச் சொன்னது, மூட்டை போனால் அந்த எண்ணும் போயிற்று என்றது அது. மலேசியாவோ, ஒரு முறை சொன்ன எண்ணைச் சிங்கப்பூர் உயர்த்தத் தயார் என்பதற்கான ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டது. அவிழ்த்த பிறகும் மூட்டையின் நிழல் விலை மேல் விழுந்துகொண்டே இருந்தது. 2003 ஜனவரியில் சிங்கப்பூர், இரு நாட்டுத் தலைவர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களை நாடாளுமன்றத்தில் வெளியிட்டதோடு தனிப்பேச்சுக்கான கதவும் சாத்தப்பட்டது. கடிதங்களை வெளியிட்டது சட்டவாதத்துக்கு உதவியிருக்கலாம். ஒரு சமரச எண்ணை உள்ளறையில் சொல்லிப் பார்க்கும் வாய்ப்பை அது கெடுத்தது என்பதே என் கருத்து.

தனித்தனியாக அவிழ்ந்த முடிச்சுகள்

அதே காலத்தின் பிற தகராறுகள் தீர்ந்த விதம் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூரின் கடல் நிலமீட்பை எதிர்த்து மலேசியா 2003இல் பன்னாட்டுக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2005இல் இரு தரப்பும் சமரசமாயின. பெத்ரா பிராங்கா தீவு யாருடையது என்ற கேள்வியை இருவரும் சேர்ந்தே ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்துக்கு அனுப்பினார்கள். 2008 மே மாதத் தீர்ப்பு தீவைச் சிங்கப்பூருக்கும் அருகிலுள்ள மிடில் ராக்ஸ் பாறைகளை மலேசியாவுக்கும் கொடுத்தது. மறுஆய்வு கேட்டு 2017இல் மலேசியா போட்ட மனுவை மறு ஆண்டு அதுவே திரும்பப் பெற்றது.

ரயில்வே நிலம் இன்னும் நல்ல சான்று. 1990இல் கையெழுத்தான இணக்கக் குறிப்பின் பொருள் குறித்து இருபது ஆண்டு இழுபறி. 2010 மே மாதம் அன்றைய பிரதமர்கள் நஜிப் ரசாக்கும் லீ சியன் லூங்கும் அதைத் தனியே எடுத்து முடித்தார்கள். ரயில்வே நிலத்துக்கு மாற்றாக மரினா சவுத், ஓபிர்–ரோச்சோர் பகுதிகளில் நிலம். அதை மேம்படுத்த 60க்கு 40 என்ற பங்கில் மலேசியாவின் கசானா, சிங்கப்பூரின் தெமாசெக் ஆகிய அரசு முதலீட்டு நிறுவனங்களின் கூட்டு நிறுவனம். மேம்பாட்டுக் கட்டணம் யார் தருவது என்பதில் மட்டும் ஒத்துப்போகாததால் அந்த ஒரு கேள்வி நடுவர் மன்றத்துக்குப் போனது. 2014இல் தீர்ப்பு வந்தது, கட்டணம் இல்லை என்றது, சிங்கப்பூர் ஏற்றுக்கொண்டது. 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து புறப்பட்ட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப்போனார். 2024இல் மலேசியாவின் மாமன்னரானவர் அவர்தான்.

பிரித்துப் பேசினாலே எல்லாம் தீர்ந்துவிடும் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. இவற்றில் மூன்றாம் தரப்பு இருந்தது, அல்லது பழைய கோபத்தைச் சுமக்காத புது அரசு இருந்தது. தண்ணீருக்கும் நடுவர் வழி உண்டு. 2019 ஏப்ரலில் புத்ராஜெயாவில் மகாதீரும் லீ சியன் லூங்கும் சந்தித்தபோது, இணங்கினால் நடுவர் தீர்ப்பையும் நாடலாம் என்று கூட்டறிக்கையிலேயே சொன்னார்கள். இன்றுவரை போகவில்லை. தோற்றால் மலேசியா விலைபேசும் உரிமையை முற்றாக இழக்கும். சிங்கப்பூர் தோற்றால் உடன்படிக்கையைத் திருத்தலாம் என்ற முன்மாதிரி ஏற்படும். தீராத சர்ச்சையோ இருவருக்கும் உள்நாட்டில் பயன்படுகிறது. விலை ‘அபத்தமானது’ என்று 2018இல் திரும்பி வந்த மகாதீர் சொன்னபோது அதற்கு மலேசியாவில் கைதட்டல் இருந்தது. சிங்கப்பூரிலோ தண்ணீர்ச் சிக்கனத்துக்கும் தற்காப்புச் செலவுக்கும் இந்தத் தகராறே தயார்நிலைப் பாடம்.

வணிகம் தன் வழியில்

இவ்வளவு சண்டைக்கு நடுவே வணிகம் என்ன ஆனது? பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. 2000இல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் சிங்கப்பூரை விட்டு ஜொகூரின் தஞ்சோங் பெலெபாஸ் துறைமுகத்துக்கு மாறியது. 2002இல் எவர்கிரீனும் பின்தொடர்ந்தது. அது கடும் அடி, ஆனால் சந்தைப் போட்டி. அரசியல் தொட்ட திட்டங்கள்தான் நொறுங்கின. கடற்பாலத்துக்குப் பதிலாகத் திட்டமிட்ட வளைந்த பாலத்தை 2006இல் மலேசியப் பிரதமர் அப்துல்லா படாவி கைவிட்டார். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் 2021 பிறந்தபோது ரத்தானது. இழப்பீடாக மலேசியா 10.28 கோடி சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தது.

பிணைப்பு எவ்வளவு ஆழம் என்பது அறுபடும்போது தெரியும். 2020 மார்ச் 18இல் மலேசியா நடமாட்டத்தை முடக்கியபோது, அன்றாடம் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் கடந்த எல்லை அடைபட்டது. ஜொகூர் பாருவில் குடும்பத்தை வைத்துக்கொண்டு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் உட்லண்ட்ஸ் போய் வேலை பார்த்தவர்கள், தமிழர் உட்பட, எந்தப் பக்கம் தங்குவது என்று ஒரே இரவில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எல்லை முழுதாகத் திறக்க 2022 ஏப்ரல் ஆயிற்று. அதே ஆண்டு ஜூன் 1இல் உள்நாட்டு விலையேற்றத்தால் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. சிங்கப்பூரின் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான், அதுவும் உயிருடன், வந்துகொண்டிருந்தது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் உறைந்த கோழிக்கு மாறுவதா, கடையை மூடுவதா என்று தவித்தார்கள். தண்ணீரைப் பற்றி அறுபது ஆண்டு அஞ்சிய நாட்டில் நின்றுபோனது கோழி; அதுவும் அரசியல் மிரட்டலால் அல்ல, சந்தையில் தட்டுப்பாட்டால்.

2025 ஜனவரியில் பிரதமர்கள் அன்வார் இப்ராகிமும் லாரன்ஸ் வோங்கும் முன்னின்று செய்த ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார உடன்படிக்கை இந்தப் பிணைப்பை அரசுக் கொள்கையாக்கியது. பரப்பு 3,571 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூரைப் போல் நான்கு மடங்குக்கு மேல். முதல் ஐந்தாண்டில் 50 திட்டங்கள், 20,000 திறன்சார் வேலைகள் என்பது இலக்கு. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகளைச் சுமக்கும் அளவில் திட்டமிடப்பட்டது. சிறப்புப் பொருளியல் வட்டார உடன்படிக்கையில் தண்ணீர் விலை இல்லை. அதைச் சேர்க்காமல் விட்டதே இது கையெழுத்தானதற்கு ஒரு காரணம் என்பேன்.

ஆற்றில் எவ்வளவு நீர்

மூன்று காசு நின்றதால் சிங்கப்பூர் சும்மா இருக்கவில்லை. கழிவுநீரைச் சுத்திகரித்த ‘புதுநீர்’ 2003இல் பயன்பாட்டுக்கு வந்தது. 2005இல் துவாஸில் முதல் கடல்நீர் ஆலை, 2008இல் மரினா அணைக்கட்டு. இன்று ஐந்து கடல்நீர் ஆலைகள். தேவையில் 40 விழுக்காடு வரை புதுநீரால் ஈடுகட்ட முடியும். 1961 உடன்படிக்கை 2011 ஆகஸ்ட்டில் முடிந்தபோது சிங்கப்பூர் அதை நீட்டிக்கக் கேட்கவில்லை. குனோங் பூலாய், ஸ்கூடாய் ஆலைகளை ஜொகூரிடம் இலவசமாக ஒப்படைத்துவிட்டு வந்தது. விலையை வைத்து நெருக்கிய ஒவ்வொரு தடவையும் மலேசியா தன் பொருளின் எதிர்கால மதிப்பைக் குறைத்துக்கொண்டது.

இப்போது சிக்கல் வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2016 அக்டோபரில் லிங்கியு நீர்த்தேக்கம் கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆற்றில் நீர் குறைந்தால் கடல் உப்பு மேலேறி நீரெடுப்பு நிற்கிறது. 2019 ஏப்ரலில் அம்மோனியா மாசால் ஜொகூர் ஆற்றுச் சுத்திகரிப்பு ஆலை நிறுத்தப்பட்டது. ஆற்றின் தேவையும் ஏறிக்கொண்டிருக்கிறது. சிங்கப்பூர் 2019 முதல் 2022 வரை புதிய தரவு மையங்களுக்கு அனுமதியை நிறுத்தி வைத்தபோது, அந்த முதலீடு ஜொகூரின் செடெனாக்குக்கும் கூலாய்க்கும் போனது. குளிரூட்டத் தண்ணீர் கேட்கும் அந்தக் கட்டடங்கள் ஜொகூரின் சொந்தத் தேவையைக் கூட்டுகின்றன. மாநில அரசு சுத்திகரிப்பில் தன்னிறைவு பேசுகிறது. அந்தத் தன்னிறைவுக்கு வேண்டிய நீரும் பெரும்பாலும் இதே வட்டாரத்து ஆறுகளில்தான் எடுக்கப்பட வேண்டும்.

2019 கூட்டறிக்கையில் விலையைப் பற்றிய பத்தியை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். ஜொகூர் ஆற்றின் நீர்வரத்தைக் கூட்டவும் மாசைத் தடுக்கவும் இரு நாட்டு அதிகாரிகளும் சேர்ந்து ஆராய வேண்டும் என்ற பகுதி அவ்வளவாகப் பேசப்படவில்லை. விலையிலிருந்து தனியே பிரிக்கப்பட்டு, வான்வெளியோடும் பாலத்தோடும் கட்டப்படாமல் தண்ணீர் பேசப்படும் ஒரே மேசை இப்போதைக்கு அதுதான். லிங்கியுவின் மட்டம், ஆற்றின் உப்பளவு, தரவு மையங்கள் கேட்கும் கேலன்கள் ஆகியவற்றை இருவரும் ஒரே தாளில் எழுதத் தொடங்கினால், 2061 பற்றிய பேச்சுக்கு முதல் வரைவு அங்கிருந்து வரலாம்.